அமைச்சரின் கடிதம்

இன்னும் நாற்பத்தொரு மணி நேரத்தில் அண்ணனை டென்மார்க்கிலிருந்து கொழும்பு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கிருபாஷினி சில்க்போர்க்கிலிருந்து காரை விரட்டிக்கொண்டு ஹேர்னிங்கில் இருந்த பாலேந்திராவின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஒரு கடிதம் போதும் அங்கிள். அண்ணையை ஆமி பிடிச்சுச் சித்திரவதை செய்ததெண்டு உங்கட அரசு எழுதித் தந்தால், லோயர் திரும்ப மனுப் போடுவா."

பாலேந்திரா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். போர்க்காலத்தில் தொடங்கிய கடல்கடந்த தமிழர் அரசுக்கு இப்போது அவர்தான் வெளிவிவகார அமைச்சர்.

"பிள்ளை, இது விடுதலைக்காக நிக்கிற அரசு. கேட்டவைக்கெல்லாம் கடிதம் குடுக்கிற தபால் கந்தோர் இல்லை. ஆதாரம் இருக்கோ?"

"படம் இருக்கு. முதுகு முழுக்கச் சூட்டுத் தழும்பு."

"பிறகேன் அகதி விண்ணப்பத்தை மறுத்தவங்கள்?"

"அந்தப் படம் பொய்யாம்."

"டெனிஷ்காரன் சும்மா சொல்லமாட்டான். உங்களை மாதிரிப் பொய்யராலைதான் எங்கட அரசை ஒருத்தரும் மதிக்கிறேல்லை!"

தேநீரோடு வந்த அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெரியவர்கள் முன் குரல் உயர்த்தியே பழக்கமில்லாத கிருபாஷினி எழுந்தாள்.

"ஏன் பொய்யெண்டவங்கள் தெரியுமோ? அதே படம் இரண்டாயிரத்துப் பத்திலையே இன்னொருத்தற்ற அகதி விண்ணப்பத்திலை இருக்காம். அண்ணை அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினவர். உலகத்துக்குக் காட்டுங்கோ எண்டு, உங்களுக்கு! உங்கட சொந்தத் தம்பியின்ர முதுகெண்டு பொய் சொல்லி அதைக் குடுத்துத்தான் நீங்கள் இஞ்சை விசா எடுத்தனீங்கள்!"