ஆமான்னா ஆமா

"கால் மேட்டைத் தூக்கிப் பாக்கட்டுமா மேடம்?" என்று கேட்ட ஜெயகிருஷ்ணன், பதில் வருவதற்குள் தூக்கிவிட்டார்.

பிறகு காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"என்னங்க இது, மோப்ப நாய் மாதிரி" என்றாள் மனைவி நித்யஸ்ரீ, மெல்லிய குரலில்.

"நீ சும்மா இரு. தண்ணியில நின்ன வண்டின்னா வாசனை காட்டிக் குடுத்துடும்."

சேலையூரில் ரத்தினபாய் டீச்சர் வீட்டு போர்டிகோ அது. டீச்சரின் கணவர் ஆபேல் போன வருஷம் தவறிவிட்டார். டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. மகளோடு இருக்க பெங்களூர் கிளம்புகிறார். அதற்குள் கணவரின் காரை விற்றாக வேண்டும். சின்ன எஸ்.யூ.வி. வெள்ளை நிறம். ஒரே கை ஓட்டியது.

ஜெயகிருஷ்ணனுக்கு உயரமான வண்டிதான் வேண்டும். முடிச்சூர்க்காரர். நாலு நாள் மழை பெய்தாலே வீட்டுக்குள் தண்ணீர் வருகிற ஏரியா.

விலையும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"இவ்வளவு நல்ல வண்டிய ஏன் மேடம் விக்கறீங்க? டிரைவர் வெச்சுக்கலாமே."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வர ஒரு டிரைவரா தம்பி?" என்றார் டீச்சர். "முன்னாடியே சொல்லிடறேன். பின் பம்பர்ல ஒரு கீறல் இருக்கு. எங்க கேட்டுல அவரே இடிச்சது. ஏ.சி.யும் கொஞ்சம் நேரம் எடுத்துதான் குளிரும்."

ஜெயகிருஷ்ணன் மனைவியை ஓரமாக அழைத்துப் போனார்.

"பாத்தியா? கேக்காமலே ரெண்டு சின்னக் குறைய சொல்றாங்க. பெரிசா ஒண்ணு உள்ள இருக்கு."

"சொல்லலைன்னா மறைக்கிறாங்கம்பீங்க."

அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"ஆமா தசரதன். சாயந்தரம் வாங்க. வண்டி வீட்லதான் நிக்குது."

அவருடைய பழைய காரைப் பார்க்க வருகிற படப்பைக்காரர். இதை வாங்குவதென்றால் அதைத் தள்ளிவிட்டாக வேண்டும்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி காருக்குள் நுழைந்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இனி வராது என்கிறவரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுல என்ன தம்பி பாக்கறீங்க?"

"சீட்டைக் கழுவிடலாம், சென்ட் அடிச்சிடலாம் மேடம். பெல்ட்டைக் கடைசி வரைக்கும் யாரும் இழுத்துப் பாக்க மாட்டாங்க. வெள்ளத்துல முழுகின வண்டின்னா சேத்துக் கறை அங்கதான் தங்கியிருக்கும். என்ன தேய்ச்சாலும் போகாது. பெல்ட்டையே புதுசா மாத்தினாத்தான் உண்டு."

"அடேங்கப்பா. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் அனுபவம்தான்."

நித்யஸ்ரீ பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெல்ட்டில் கறை இல்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"போன பெருமழையில வண்டி எங்க நின்னுச்சு?"

"முதல் நாளே அவர் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்திட்டாரு. எங்க தெருவே அங்கதானே நிறுத்துச்சு."

"அதை யாரு பாத்தா?"

"மேம்பாலத்துல வண்டி போட இடம் தேடினவங்க எல்லாரும் பாத்தாங்க."

ஜெயகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க பைபிள் மேல கைய வெச்சு, தண்ணி ஏறலன்னு ஒரு சத்தியம் பண்ணிடுங்க. இப்பவே அட்வான்ஸ் குடுத்துடறேன்."

"சத்தியம் பண்ற பழக்கம் எங்களுக்கு இல்ல தம்பி."

"ஏன்?"

"சத்தியமே பண்ணாதேன்னுதான் அந்த பைபிள்லயே இருக்கு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. தண்ணி ஏறல. சொல்லிட்டேனே."

"ஒரே ஒரு தடவை. என் மனசுக்காக."

"விக்கலன்னாலும் பரவாயில்ல தம்பி. காபி போடட்டுமா?"

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"தப்பிச்சோம்" என்றார் தெருமுனையில். "மடியில கனம் இல்லன்னா சத்தியம் பண்றதுக்கு என்ன பயம்? எப்படி நழுவினாங்க பாத்தியா?"

"அவங்க நழுவல" என்றாள் நித்யஸ்ரீ.

முடிச்சூர் வீட்டு வாசலில் தசரதன் காத்திருந்தார். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"சம்சாரத்துக்கு அடுத்த மாசம் டெலிவரி சார். எங்க பக்கம் அவசரத்துக்கு ஒரு ஆட்டோ கெடைக்காது. பாதி வழில நின்னுடாம இருந்தா அதுவே போதும்."

கழுவித் துடைத்த கார் பளபளவென்று நின்றது. அதையொட்டிய காம்பவுண்டு சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தது.

தசரதன் காரைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"வண்டி சூப்பரா கீது சார். பெல்ட்டுகூட புத்தம் புதுசா கீது."

"எல்லா பெல்ட்டும் மாத்தியாச்சு. சேஃப்டி முக்கியமில்லியா?"

நித்யஸ்ரீ உள்ளே போய்விட்டாள்.

தசரதன் இறங்கி, கொஞ்சம் தயங்கி நின்றார்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். முடிச்சூர்னு சொன்னதும் எங்க மச்சான்தான் கேக்கச் சொன்னாரு. தண்ணியில நின்ன வண்டி இல்லியே? நீங்க கும்புடற சாமி மேல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

ஜெயகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றினார். குன்றத்தூர் மலை இருக்கும் திசைக்குத் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முருகன் மேல சத்தியம் தசரதன். ஒரு சொட்டுத் தண்ணி ஏறல."