பன்னிரண்டாம் எண் தாழி

அந்த ஊருக்கு வந்து பதினோரு நாளாகியும் எழிலரசியை நன்றாகத் தெரிந்தது அருங்காட்சியக வாசலில் இருந்த விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரத்துக்கு மட்டும்தான். ஆவணப் பிரிவில் பயிற்சிக்கு வந்தவள், கிடங்கில் முதுமக்கள் தாழிகளை அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் எண் தாழியின் விளிம்பில், சுடுவதற்கு முன் யாரோ அழுத்திய கட்டைவிரல் தடம் ஒன்று இருந்தது. கையுறையைக் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கழற்றிவிட்டுத் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. சிறுவயதில் அரிவாள்மணை கீறிய தழும்புகூட அந்தத் தடத்தில் சாய்கோடாக இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தாள். பிறகுதான் விரலைப் பார்த்தாள். ரேகையும் இல்லை, தழும்பும் இல்லை, கூழாங்கல்போல வழவழவென்றிருந்தது.

"அண்ணே, எழிலரசி வந்தாச்சுன்னு நோட்டுல எழுதிக்கோங்க," என்றாள் காவலாளியிடம்.

அவர் திரையைப் பார்த்தார். சாவி மாட்டும் வெற்று ஆணியைப் பார்த்தார். கடைசியாக அவளைப் பார்த்தார்.

"எழிலரசி எட்டு மணிக்கே வந்து கிடங்குச் சாவிய வாங்கிட்டுப் போயிடுச்சே. நீ யாரும்மா?"