மகனுக்கு ஒரு ஹெட்ஃபோன்

"நீங்க மாட்டிக்குங்க தம்பி. நான் பின்னாடி நின்னு கத்தறேன்" என்றாள் ஈவ்லின்.

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் நரேஷுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை. ஹெட்ஃபோன் வாங்க வருகிறவர்கள் பாட்டு போட்டுக் கேட்பார்கள். இவளோ பாட்டே வேண்டாம், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருந்தால் போதும் என்கிறாள்.

மகன் டென்சிலுக்காம். செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. வீடு சாம்பியன் ரீப்ஸ் பகுதியின் பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் ஒரே அறை. நடுவில் சேலையைக் கட்டித் தடுத்திருக்கிறார்கள்.

"வீட்ல ஒரே சத்தம் தம்பி. புஸ்தகத்த மூடி வெச்சிட்டு அழுவறான்."

"அவனையே கூட்டியாந்திருக்கலாமேக்கா?"

"அவன் வந்தா வேணாம்னுடுவான்."

நரேஷ் காதை மூடும் கறுப்பு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றான். பின்னாலிருந்து "அம்மா!" என்று குரல் எழுந்தது.

"நல்லாவே கேக்குதுக்கா."

அடுத்தது விலை கூடியது. பட்டனை அழுத்தியதும் மின்விசிறியின் இரைச்சலும் தெருவில் போகும் ஆட்டோவும் அடங்கிப்போயின. எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் ஈவ்லின் தெரிந்தாள். கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் கோண வாயைத் திறந்தாள்.

கடைக்குள் கால் வைத்த ஒருவர் மிரண்டு அப்படியே நின்றுவிட்டார். நரேஷின் காதில் அந்தக் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல விழுந்தது.

"கொஞ்சம் கேக்குது" என்று ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"இத விட நல்லது இல்லியா?"

"இருக்கறதுல இதான் பெஸ்ட்டுக்கா. ஃபேன் சத்தம், ரயில் சத்தம் எல்லாம் நின்னுடும். மனுஷக் குரல மட்டும் முழுசா நிறுத்த முடியாது."

அவள் முகம் வாடிப்போனது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, கெஞ்சுவது போல அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா தம்பி? இந்தத் தடவ மெதுவா கத்தறேன்."

நரேஷுக்கு மனசு கேட்கவில்லை. வாசலைப் பார்த்தான். அவளை ஸ்கூட்டரில் அழைத்து வந்த கணவன் ஏனோக் வெளியே நின்றிருந்தான். தலை கலைந்து, கண் இரண்டும் சிவந்து, சுவரில் சாய்ந்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

"சத்தம் ராத்திரிலயாக்கா?"

"ராத்திரிலதான் அதிகம்."

"அடக்க முடியலியா?"

"அடக்கிப் பாக்காமலா? ஒண்ணும் நடக்கல. பக்கத்து வீட்டுக்காரங்ககூட எழுந்து வந்துடறாங்க."

நரேஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாக்கா இது? குடிச்சிட்டுக் கத்தறவர விட்டுட்டு, படிக்கிற புள்ள காத மூடணுமா? இருங்க, நானே போய் ரெண்டு வார்த்த கேக்கறேன்."

ஹெட்ஃபோனைக் கையில் பிடித்தபடியே கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தான். ஈவ்லின் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. அவரு குடியத் தொட்டதே கெடையாது. என்னாலதான் தூக்கங்கெட்டு நிக்கறாரு."

"அப்ப வீட்ல கத்தறது யாரு?"

ஈவ்லின் ஹெட்ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் தம்பி. வலி வந்தா தாங்க முடியல."