நாலு நாள் நிலா

கொசு லோஷனை உள்ளங்கையில் தாராளமாகப் பிதுக்கிக்கொண்டார் சுகெங். சுள்ளென்று வெயில் அடிக்கும் மத்தியானம். தேடினாலும் ஒரு கொசு கிடைக்காது.

லோஷன் போனது அவர் தோலுக்கு அல்ல, விற்பனைக்கு நின்ற பழைய வேனின் ஹெட்லைட்டுக்கு. துணியால் நாலு இழுப்பு இழுத்ததும், மஞ்சள் பூத்துக் கிடந்த விளக்கு மூடி பளிங்காகிவிட்டது. முறையாகச் செய்வதென்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெயில் தாங்குகிற பூச்சு அடிக்க வேண்டும். அந்தச் செலவையெல்லாம் வேண்டியவர்களுக்கு விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லோஷன் தருவது நாலு நாள் நிலா. அஞ்சாம் நாள் பிசுபிசுத்து, முன்பிருந்ததைவிட மோசமாக மங்கிப்போகும். சுகெங்குக்கு அது போதும், ஏனென்றால் வண்டி வாங்க வருகிறவள் தார்மி.

மலைமேல் முட்டைக்கோஸ் பயிரிடுகிறவள். அவருடைய ஒரே மகள் லஸ்திரியை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல் தன் மகனுக்குக் கட்டிவைத்துக்கொண்டவள். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை, அன்றிலிருந்து மகள் முகத்தில் விழிக்கவும் இல்லை.

கோஸ் ஏற்றத்தான் வேன் தேடுகிறாள் என்று புரோக்கர் சொல்லியிருந்தான். ராத்திரியில் மூடுபனிக்குள் மலாங் சந்தைக்கு அவள் மகன்தான் ஓட்டி வரவேண்டும். அப்பன் நொண்டுவதுபோல மகனும் நொண்டட்டும் என்று துணியை இன்னொரு இழுப்பு இழுத்தார் சுகெங்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா, சம்பந்தி?"

தார்மி எதிரே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுகெங்கின் பழைய வண்டி விற்கும் வளாகத்தில் ஏழெட்டுப் பேர் அங்கங்கே வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி கிம்பந்தியெல்லாம் உன் வீட்டோட வச்சுக்க. தனியாவா வந்தே?"

"லஸ்திரிதான் பைக் ஓட்டிட்டு வந்து கேட்ல இறக்கிவிட்டா. உள்ள வரமாட்டேன்னுட்டா."

"அவ வரலைன்னு இங்க யாரு அழுதா?" கேட் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தார்மி வேனைச் சுற்றிவந்து விளக்கருகே குனிந்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டாள்.

"நல்லா பளபளன்னு இருக்கே. மூணு வருஷம் முந்தி எங்க வீட்டுக்காரருக்கு நீங்க வித்ததும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரே வாரம். வழி தெரியாம பாறையில மோதி, காலை ஒடிச்சுக்கிட்டாரு."

சுகெங் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "பைமினுக்குக் கண்ணுல புரை. பழி மட்டும் என் லைட்டு மேல!"

வண்டி பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். மூன்று வருஷமாக ஊர் முழுக்க இதையேதான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. தார்மிக்கு முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் பணப்பையை எடுத்து நீட்டினாள்.

எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார் சுகெங். அவள் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இது இன்னும் நல்லா சாயுமா?"

"கோசுக்கு எதுக்குடி சாயுற சீட்டு?"

"கோசுக்கு யாரு வாங்கினா? லஸ்திரிக்கு இது ஒம்பதாம் மாசம். நடுராத்திரியில வலி எடுத்தா, அந்த மலையில இருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வேணாமா?"

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். சுகெங் கையிலிருந்த துணி தானாக நழுவி விழுந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

வேன் கேட்டுக்கு முன்னால் நின்றது. தார்மி தலையை வெளியே நீட்டினாள்.

"அந்த லைட்டை நம்பி அவளை ராத்திரியில ஏத்தாதே! அது வெறும் கொசு லோஷன்! நாலு நாள்ல மங்கிடும்!"

"என்ன இப்படிச் சொல்றீங்க? எங்க வீட்டுக்காரர் வண்டி மாதிரியே பளபளன்னு இருக்கே?"

"அதுலயும் இதைத்தான் பூசினேன்! பைமின் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை, போதுமா? இறங்கு மொதல்ல!"

அவர் அலறியது வளாகத்தின் கோடி வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுவரை பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர், தான் பார்த்துவைத்த காரின் விளக்கை விரலால் தடவி முகர்ந்தார். சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். மற்றவர்களும் ஆளுக்கொரு விளக்கின் முன் குனிய ஆரம்பித்தார்கள்.

தார்மி நிதானமாக இறங்கினாள். அவர் அக்குளில் இருந்த பணப்பையை உருவிக்கொண்டு, சாவியை அவர் கையில் திணித்தாள்.

"எனக்கு நீங்க சொன்னதே போதும். வண்டி நீங்களே வச்சுக்கங்க."

வெளியே பைக் ஹாரன் கேட்டது. முதுகுக்குப் பின்னால் வியாபாரம் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தது சுகெங்குக்கு உறைக்கவே இல்லை. வெறுங்காலோடு அவள் பின்னாலேயே போனார்.

"லஸ்திரிக்கு... பிரசவம் எப்பன்னு சொல்லியிருக்காங்க?"

கேட்டைத் திறந்துகொண்டே தார்மி திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்குப் பிரசவம், சம்பந்தி?"