வலது இறக்கை

கொட்டகையில் அன்று காலை இருந்தவர்கள்: பல் டாக்டரான தங்கச்சி, அவள் புருஷன், அவள் அண்ணன், ஓர் இன்ஸ்பெக்டர், நாற்பது மணல் மூட்டைகள். எது முறிந்தாலும் சாட்சிக்கு ஆள் உண்டு. அண்ணனுக்கு அதுதான் வேண்டும்.

இன்ஸ்பெக்டர் போலீஸ் இல்லை. வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். தங்கச்சி ஆறு வருஷமாகக் கண்ணாடி நார்த்துணியைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, இன்ஜின் இல்லாத ஒற்றை ஆள் கிளைடர் ஒன்றைக் கட்டி முடித்திருந்தாள். இறக்கைகளைக் கவிழ்த்துப் போட்டு மூட்டை ஏற்ற வேண்டும். மூன்று நிமிடம் தாங்கினால் பறக்கலாம்.

அண்ணனும் ஒரு காலத்தில் கட்ட ஆரம்பித்தவன்தான். வால் வரைக்கும் வந்து விட்டுவிட்டான். அந்த வாலில் இப்போது அவன் மனைவி துணி காயப்போடுகிறாள். கிளைடர் கிளப்பில் தங்கச்சிக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கியவன் அவன். இன்று அங்கே எல்லாரும் கேட்பது, "டாக்டரம்மாவோட அண்ணனா நீங்க?"

"பயப்படாதீங்க சார்," என்றான் புருஷன், மூட்டையைத் தூக்கிக்கொண்டே. "இவ எதையும் தட்டிப் பார்க்காம விடமாட்டா. என்னைக் கட்டிக்கச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி என் கடவாப்பல்லையே தட்டிப் பார்த்தவ. என்ன மச்சான், சிரிக்கவே மாட்டேங்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் இரண்டு இறக்கைகளையும் தடவிப் பார்த்தார். "இடது, வலது ரெண்டும் ஒரே கை வேலையா?"

"ஒரே கைதான் சார். என் கை," என்றாள் தங்கச்சி.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் அவள் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தபோது வலது இறக்கையைச் செய்து கொடுத்தவன் அவன். பேச்சுக்குக்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை.

செய்த லட்சணம் வேறு. பிசின் கல்லாக இறுகக் கலக்க வேண்டிய ஹார்டனரைப் பாதிதான் கலந்தான். மேல்பூச்சை மட்டும் ஒழுங்காகக் கலந்து பூசி மறைத்தான். அவள் சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. தரையில், நாலு பேர் முன்னால், மூட்டையின் பாரத்தில் அது முறிய வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுதான் இந்தப் பக்கம் வந்தான்.

முப்பதாவது மூட்டையில் இறக்கைகள் ஒரு சாண் வளைந்தன. எங்கோ 'டிக்' என்றது. அண்ணன் வலது இறக்கையையே பார்த்தான். நாற்பதாவதும் ஏறியது.

மூன்று நிமிடம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அவரை வழியனுப்பப் புருஷன் வாசல் வரைக்கும் போனான். கொட்டகையில் இருவர்தான் மிச்சம்.

"ஞாயித்துக்கிழமை முதல் ஓட்டம். நீ ஓட்டறியாண்ணா?"

இங்கே எப்படியோ தப்பித்த இறக்கை மேலே காற்றில் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். "எனக்கு முதுகு வலி."

"அப்போ நான் ஏறட்டுமா?"

அவன் மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றான்.

"உன்னைத்தான் கேக்கறேன். நான் ஏறட்டுமா?"

ஒரு வார்த்தை போதும். சொன்னால் நாளைக்குக் கிளப் முழுக்க அவனைப் பார்த்துக் காறித் துப்பும். சுவரில் கிளப்காரர்கள் அவளுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவனுக்கு யாரும் ஒரு அட்டைகூட அனுப்பியதில்லை.

"ஏறு. உன் விமானம்தானே."

அவள் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் வெளியே காலை வைத்ததும் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நீ செஞ்ச றெக்கை பின்பக்கம் கிடக்குண்ணா. மூணு துண்டா அறுத்து வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ."