விஜயதாஸின் கார் ஒழுகுகிறது

“இப்ப எதுக்கு வொர்க்ஷாப்பு? சொட்டுனா சொட்டட்டு.”

காருக்கு அடியில் படுத்திருந்த விஜயதாஸ், மனைவி புஷ்பபாய் சொன்னதைக் கேட்டுத் தலையை வெளியே நீட்டினார். இருபத்தாறு வருஷப் பழைய கார். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் தோசை வட்டத்துக்கு ஒரு ஆயில் கறை விழும்.

“ஓயிலு தீந்தா எஞ்சினு போச்சு, கேட்டியா? பின்ன வண்டியத் தூக்கிப் பழைய இரும்புக்கு ஆக்கிரிக்கடையிலதான் போடணும்.”

“தீந்தா ஊத்துங்க. அதுக்கென்ன இப்ப.”

பல்வலி என்றாலே திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறவள், காருக்கு மட்டும் வைத்தியமே வேண்டாம் என்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கணும், பொரித்தது ஆகாது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத புஷ்பபாய், வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அன்றிலிருந்து மாலை ஐந்தானால் விஜயதாஸ் பனச்சமூடு தாண்டி வெள்ளறடை மைதானத்துக்கு நடக்கப் போவார், காரில். திரும்பி வந்து, பசியில்லை என்று படுத்துவிடுவார்.

மறுநாள் மதியம் சில நாள் தேங்காய் அரைத்த மீன்கறி, சில நாள் வெறும் கஞ்சியும் பாகற்காய்ச் சாறும். எது என்பது காலையில் புஷ்பபாய் பனச்சமூடு சந்தைக்குப் போய் வந்த பிறகுதான் தெரியும். மீன் கிடைக்காத நாள் கஞ்சி போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுச் சுயம்பு பழைய லாரி டிரைவர். “பழைய வண்டிக்குக் கட்டி ஓயிலாக்கும் மருந்து, அண்ணே. டொன்டி ஃபிப்டி ஊத்துங்க,” என்றார். விஜயதாஸ் ஊற்றினார். சொட்டு மெதுவாக விழுந்ததே தவிர நிற்கவில்லை.

சலவை சோப்பைக் குழைத்து அப்பினார். சூட்டில் உருகிப் போயிற்று. கடைசியில் ரப்பர் பாலைத் தடவினார். டயரே அதில்தானே செய்கிறார்கள் என்பது சுயம்புவின் வாதம். இரண்டாம் நாள் அது ஆயிலில் ஊறி உரிந்து தொங்கியது.

“விடுங்க. வயசான வண்டியில்லியா,” என்றாள் புஷ்பபாய். அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் பொறுமை போய்விட்டது. வீட்டில் சொல்லாமல் காரை நெய்யாற்றின்கரை வொர்க்ஷாப்புக்கு விட்டார். மெக்கானிக் அடியில் ஒரு வாஷரை மாற்றினான்; பத்து நிமிஷ வேலை.

அடுத்த வாரம் முழுக்க மீன்கறிதான். சந்தையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள் புஷ்பபாய். “கொள்ளாம். இப்பிடியே இருந்தா நூறு வயசு,” என்று அவர் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள்.

இவ்வளவு நல்ல மனநிலையில் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று, அடுத்த சனிக்கிழமை மதியம் அவளை முற்றத்துக்கு அழைத்துப் போனார். “கீழ பாரு, ஒரு சொட்டு கெடக்கா? போன சனியாழ்ச்சயே வாஷர் மாத்தியாச்சு.”

கையில் கரண்டியோடு நின்ற புஷ்பபாய் காரின் அடியைப் பார்த்தாள். பிறகு அவர் வயிற்றைப் பார்த்தாள்.

“அப்ப, இந்த வாரம் சந்தைக்குப் போற வழியில, பொறோட்டாக்கடை முன்னால கறை இல்லாதது இதுனாலயாக்கும்?”