ஐந்து ஸ்டார்

பைக் டாக்ஸியில் தினேஷுக்கு அதுதான் முதல் சவாரி. ஆஸ்பத்திரிக்குப் போக அடுகோடி பஸ் ஸ்டாப்பில் ஏறிய தமயந்தி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பின்னாடி ஆளை ஏத்தி ஓட்டுறது இதான் முதல் தடவைக்கா. மெதுவாத்தான் போவேன். ஸ்டாரைக் குறைச்சிடாதீங்க."

"மெதுவாவே போ தம்பி. அவசரமில்ல."

"ஆஸ்பத்திரின்னா எல்லாரும் விரட்டுவாங்களே?"

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே வேலைதான். நான் விரட்ட மாட்டேன்."

தினேஷ் நிம்மதியாகச் சிரித்தான். "அண்ணன் குடுத்து வச்சவரு."

அவள் ஆஸ்பத்திரிக்குள் வழி காட்டி, பிணவறை வாசலில் நிறுத்தச் சொன்னாள். இறங்கியதும் போனில் ஐந்து ஸ்டாரையும் அழுத்தினாள்.

"நேத்து அவர் வண்டியில ஏறின ஆளு, சீக்கிரம் போன்னு விரட்டிக்கிட்டே இருந்தாராம்."

பையில் புது வேட்டி தெரிந்தது. தினேஷ் போனில் சவாரி ஆப்பை அணைத்தான்.

"தனியாப் போகாதீங்க. நானும் வர்றேன்க்கா" என்று பையை வாங்கிக்கொண்டான்.